என் படகு நம்பர் அவர் பேருக்கு நேரா எப்படி போச்சு? டெக்ஸ்ட் பாக்ஸ், டேபிள், செலக்‌ஷன்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, உபதலைப்பு போட்டிருக்கிறோம்.)

போன எபிசோட் முடிஞ்சதும் நிறைய பேர் கேட்ட கேள்வி: "ப்ரோ, டேட்டாபேஸ், ஏபிஐ எல்லாம் சொல்றீங்க. வேர்டுல ஒரு டேபிள் போட்டா ஏன் அது என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது? அதைச் சொல்லுங்க முதல்ல." நியாயமான கேள்வி. சிரிச்சுட்டுப் போக எனக்கு உரிமையும் இல்ல. ஏன்னா ஐ.டி. வேலையில வருஷக்கணக்கா இருந்துட்டு, சொந்த ஊர்லயே இந்த விஷயத்துல நான் அசிங்கப்பட்டிருக்கேன். அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

மூணு பெட்டி, நாற்பத்திரண்டு பேர்

எங்க ஊர் லைட்ஹவுஸ் குப்பம். சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற மணல் திட்டுல இருக்கு. 2023 டிசம்பர் முதல் வாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், மிக்ஜாம் புயல். டிசம்பர் 3, 4 ரெண்டு நாளும் சென்னையைப் புரட்டிப் போட்டுட்டு, 5-ஆம் தேதி ஆந்திராவுல பாபட்லா பக்கம் கரையைக் கடந்துச்சு. டவுன்ல இருந்தவங்களுக்கு அது வெள்ளம். கரையில இருந்தவங்களுக்கு அது உடைஞ்ச படகு, மணலோட போன வலை.

அடுத்த வாரம் நான் ஊருக்குப் போனப்ப, சேதமான படகுகளுக்கு ஒரு பட்டியல் தயார் பண்ண வேண்டியிருந்துச்சு. பேர், படகு பதிவு எண், பேங்க் அக்கவுன்ட் நம்பர். "நம்ம வீட்டுல இன்ஜினீயர் இருக்கான், அவன் அடிச்சுக் குடுப்பான்"னு சித்தப்பா பெருமையா சொல்லிட்டாரு. நோட்டுல எழுதின நாற்பத்திரண்டு பேர் என் கைக்கு வந்துச்சு.

நான் என்ன பண்ணேன்? வேர்டைத் திறந்தேன். டேபிள் போட்டா கோடு கோடா அசிங்கமா இருக்கும்னு நினைச்சு, மூணு டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டேன். முதல் பெட்டியில வரிசை எண்ணும் பேரும். ரெண்டாவதுல படகு எண். மூணாவதுல அக்கவுன்ட் நம்பர். ஒவ்வொண்ணுலயும் ஒரு வரி அடிச்சு என்டர், அடுத்த வரி அடிச்சு என்டர். நல்லா இழுத்து நேரா நிறுத்தி, ஒரு அழகான தமிழ் ஃபான்ட் போட்டு, என் லேப்டாப்ல பாத்தா கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்துச்சு.

பென் டிரைவ்ல போட்டு, பாலம் தாண்டி ஒரு பிரவுசிங் சென்டர்ல பிரின்ட் எடுத்தேன். சித்தப்பா கையில குடுத்தேன். அவரு கம்ப்யூட்டரைத் தொட்டது கிடையாது. ஆனா படகு நம்பர் அவரோட படகு மேல பெயின்ட்ல எழுதியிருக்கு, தினமும் பாக்குறாரு. விரலை வச்சு இறங்கிட்டே வந்தவரு நின்னாரு.

"இது என் நம்பர் இல்லடா."

"சரியாத்தான் அடிச்சேன் சித்தப்பா."

"என் படகு நம்பர் எனக்குத் தெரியாதா? என் நம்பரு இதோ மேல இருக்கு பாரு, அவன் பேருக்கு நேரா."

பாத்தா, ஒன்பதாவது பேர் கொஞ்சம் நீளம். என் லேப்டாப்ல ஒரே வரியில நின்ன பேர், அந்தக் கடை கம்ப்யூட்டர்ல ரெண்டு வரியா மடிஞ்சிருக்கு. நான் போட்ட ஃபான்ட் அங்க இல்ல. வேர்டு அதுக்குப் பதிலா இன்னொரு ஃபான்ட்டை எடுத்துக்கிச்சு, அதோட எழுத்து அகலம் அதிகம். பேர்ப் பெட்டியில அதுக்குக் கீழ இருந்த எல்லாரும் ஒரு வரி இறங்கிட்டாங்க. ஆனா பக்கத்துல இருக்கிற நம்பர்ப் பெட்டிக்கு இது தெரியாது. அது அப்படியே நின்னுச்சு. பத்தாவது ஆளுக்கு நேரா பதினோராவது ஆளோட படகு, பதினோராவது ஆளுக்கு நேரா பன்னிரண்டாவது ஆளோட அக்கவுன்ட். கடைசிப் பேருக்கு நேரா வெறும் வெள்ளைப் பேப்பர்.

கடை அண்ணன் நல்லவரு. "தம்பி, நம்பர்ப் பெட்டியில ஒரு என்டர் தட்டிட்டா சரியாயிடும்"னு ரெண்டு பெட்டியிலயும் ஒன்பதாவது நம்பருக்குக் கீழ ஒரு காலி வரி விட்டாரு. அங்க சரியாச்சு. சேவ் பண்ணிட்டு வீட்டுக்கு வந்து என் லேப்டாப்ல திறந்தா, இங்க பேர் மடியல, காலி வரி மட்டும் இருக்கு. இப்ப தப்பு எதிர்ப்பக்கமா நகர்ந்திருந்துச்சு.

சித்தப்பா விரல் வச்சுப் பாக்கலைன்னா அந்தப் பேப்பர் போயிருக்கும். ஒருத்தருக்கு வர வேண்டிய பணம் இன்னொருத்தர் அக்கவுன்ட்டுக்குப் போயிருக்கலாம், இல்ல நம்பர் பொருந்தலைன்னு மொத்தப் பட்டியலும் திரும்பி வந்திருக்கலாம். படகு கரையில உடைஞ்சு கிடக்கும்போது அந்த ரெண்டுமே சின்ன விஷயம் இல்ல.

எது "ஒண்ணு"?

என் தப்பு ஃபான்ட்ல இல்ல. ஃபான்ட் அதை வெளிய காட்டிக் குடுத்துச்சு, அவ்வளவுதான். எனக்கு அந்தப் பட்டியல்ல "ஒண்ணு"ன்னா ஒரு ஆள்: அவரோட பேர், படகு, அக்கவுன்ட் மூணும் சேந்தது. ஆனா நான் வேர்டுகிட்ட சொன்னது வேற. "நாற்பத்திரண்டு பேர் ஒரு பெட்டி, நாற்பத்திரண்டு படகு ஒரு பெட்டி, நாற்பத்திரண்டு அக்கவுன்ட் ஒரு பெட்டி." ஒரு பேருக்கும் ஒரு நம்பருக்கும் நடுவுல எந்த முடிச்சும் நான் போடல. அது என் கண்ணுல மட்டும்தான் இருந்துச்சு.

வேர்ட் ப்ராசஸர்ல செலக்ட் பண்றதுன்னா இதுதான். நீல கலர் அடிக்கிறது இல்ல. "நான் இப்ப பேசப் போறது இதைப் பத்தி"ன்னு கம்ப்யூட்டருக்கு விரல் நீட்டிக் காட்டுறது. எதைக் காட்டுறீங்களோ அதுதான் மாறும். போல்ட், கலர், டெலிட் எல்லாம் அப்புறம்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு ஒரு பழைய கதை. 1974 வாக்குல அமெரிக்காவுல ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக்கூடத்துல ப்ராவோன்னு ஒரு எடிட்டர் எழுதினாங்க. பட்லர் லாம்ப்சன், சார்ல்ஸ் சிமோனி ரெண்டு பேரும் அதுல முக்கியமானவங்க. திரையில தெரியுற மாதிரியே பேப்பர்ல வரணும்னு யோசிச்ச முதல் எடிட்டர்கள்ல ஒண்ணு. ஆனா அதுல ஒரு கோளாறு. எழுதுற நிலை வேற, கட்டளை குடுக்குற நிலை வேற. எழுதுற நிலையில இருக்கோம்னு நினைச்சு ஒருத்தர் "எடிட்"னு இங்கிலீஷ்ல அடிச்சா என்ன ஆகும்? முதல் எழுத்து 'ஈ': எல்லாத்தையும் செலக்ட் பண்ணு. அடுத்தது 'டி': அழி. அடுத்தது 'ஐ': எழுத ஆரம்பி. கடைசி 'டி' எழுத்தா விழும். மொத்த டாகுமென்ட்டும் போய், ஒரே ஒரு எழுத்து மிச்சம்.

இந்த மாதிரி ஆபத்தை ஒழிக்கணும்னு கிளம்பினவர் லாரி டெஸ்லர். அவரும் டிம் மாட்டும் சேந்து ஜிப்ஸின்னு ஒரு எடிட்டர் செஞ்சாங்க. மவுஸை இழுத்து எழுத்தை செலக்ட் பண்ணு, அப்புறம் அதுக்கு என்ன செய்யணும்னு சொல்லு. இன்னைக்கு நாம தினமும் போடுற கட், காப்பி, பேஸ்ட் அங்கதான் உருவாச்சு. சிமோனி பின்னாடி மைக்ரோசாஃப்ட் போனாரு. 1983-ல வேர்டு முதல் பதிப்பு வந்துச்சு. அப்ப வந்த பழக்கம் இன்னும் மாறல. முதல்ல காட்டு, அப்புறம் சொல்லு. காட்டுறதுல தப்பினா, சொல்றது எல்லாம் தப்பும்.

டெக்ஸ்ட் பாக்ஸ்: வீட்டுக்குள்ளயா, வாசல்லயா?

இப்ப கைவேலைக்கு வருவோம். நான் சொல்றது கம்ப்யூட்டர்ல இருக்கிற வேர்டுக்கு.

டெக்ஸ்ட் பாக்ஸ்ல ரெண்டு நிலை இருக்கு. உள்ளே கிளிக் பண்ணா கர்சர் உள்ள துடிக்கும், சுத்தி இருக்கிற கோடு விட்டு விட்டுத் தெரியும். நீங்க வீட்டுக்குள்ள இருக்கீங்க. பேக்ஸ்பேஸ் தட்டினா ஒரு எழுத்துதான் போகும். அந்த ஓரக் கோட்டு மேலயே கிளிக் பண்ணா கோடு முழுசா ஆயிடும். இப்ப நீங்க வாசல்ல நின்னு வீட்டையே புடிச்சிருக்கீங்க. டெலிட் தட்டினா வீடே போயிடும். ஃபான்ட் சைஸ் மாத்தினா உள்ள இருக்கிற எல்லாமே மாறும். "ஒரு வார்த்தையைத்தான் அழிச்சேன், பெட்டியே காணோம்"னு சொல்றவங்க எல்லாம் வாசல்ல நின்னுட்டு உள்ள இருக்கிறதா நினைச்சவங்க. ஆகவே டெலிட் தட்டுறதுக்கு முன்னாடி கோட்டை ஒரு தடவை பாருங்க.

ரெண்டாவது விஷயம். டாகுமென்ட்ல கர்சரை வச்சு கன்ட்ரோல் ஏ போட்டா எல்லாம் செலக்ட் ஆகும்னு நினைப்போம். ஆகாது. மிதக்கிற டெக்ஸ்ட் பாக்ஸுக்குள்ள இருக்கிற எழுத்துக்கு அது போகாது. மொத்தத்துக்கும் ஃபான்ட் மாத்திட்டோம்னு நிம்மதியா இருப்பீங்க, பெட்டிக்குள்ள பழைய ஃபான்ட் உக்காந்திருக்கும். இதுக்கு நல்ல வழி ஸ்டைல். எல்லா இடத்துலயும் ஒரே ஸ்டைலைப் போட்டு வச்சா, அந்த ஸ்டைலை ஒரு தடவை மாத்தினா போதும், பெட்டிக்குள்ள இருக்கிறதும் சேந்து மாறும்.

மூணாவது, நங்கூரம். படகுக்காரப் பையன் சொல்றேன், இதைக் கேளுங்க. மிதக்கிற ஒவ்வொரு பெட்டியும் ஏதோ ஒரு பாராவுல நங்கூரம் போட்டிருக்கும். அந்த பாராவை அடியோட அழிச்சா பெட்டியும் கூடவே போயிடும். பாரா அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தா பெட்டியும் நகரும். பெட்டியை செலக்ட் பண்ணா ஓரத்துல சின்ன நங்கூரப் படம் தெரியும். தெரியலைன்னா ஆப்ஷன்ஸ்ல 'டிஸ்ப்ளே' பக்கத்துல அதை ஆன் பண்ணலாம். பெட்டி காணாமப் போச்சுன்னா முதல்ல விசாரிக்க வேண்டியது இந்த நங்கூரத்தைத்தான்.

நாலாவது, நிறைய பெட்டி ஒண்ணு மேல ஒண்ணு கிடந்தா மவுஸால புடிக்க முடியாது. ஆல்ட் எஃப்10 போடுங்க, செலக்‌ஷன் பேன் திறக்கும். நீங்க இருக்கிற பக்கத்துல இருக்கிற ஒவ்வொரு பெட்டிக்கும், படத்துக்கும் அங்க ஒரு பேர் இருக்கும். பேரைக் கிளிக் பண்ணா பெட்டி மாட்டும். பக்கத்துல இருக்கிற கண் படத்தைத் தட்டி, ஒண்ணை மறைச்சுட்டு அடியில இருக்கிறதைப் பாக்கலாம்.

சரி, அப்ப டெக்ஸ்ட் பாக்ஸ் கெட்டதா? இல்ல. போஸ்டர், ஒரு படத்து மேல எழுதுற குறிப்பு, நோட்டீஸ்ல தனியா தெரிய வேண்டிய ஒரு வரி, இதுக்கெல்லாம் அதுதான் சரி. பக்கத்துல இருக்கிறதோட அதுக்கு உறவு இல்ல, தனியா நிக்கணும்னா பெட்டி. பக்கத்துல இருக்கிறதோட கட்டிப்போட்டே ஆகணும்னா டேபிள்.

டேபிள்: நாலு விதமா புடிக்கலாம்

ஒரு சின்ன வார்த்தைப் பிரச்சினை. படுக்கையா போற வரிசையை ரோன்னு சொல்லிடலாம். நெட்டா இறங்குறதை "காலம்"னு சொன்னா டைம்னு குழம்பும். நம்ம கணக்குப் புத்தகத்துல அணிகள் பாடத்துல அதுக்கு நிரல்னு பேரு. அதையே வச்சுக்கிறேன்.

ஒரு கட்டம் வேணும்னா, அந்தக் கட்டத்தோட இடது உள் ஓரத்துக்கு மவுஸைக் கொண்டு போங்க. சாய்ஞ்ச சின்ன கறுப்பு அம்பு வரும், கிளிக் பண்ணுங்க. ரோ வேணும்னா டேபிளுக்கு வெளிய, இடது மார்ஜின்ல கிளிக். நிரல் வேணும்னா மேல் கோட்டு மேல மவுஸை வச்சா கீழ் நோக்கி கறுப்பு அம்பு வரும். முழு டேபிளும் வேணும்னா இடது மேல் மூலையில நாலு பக்க அம்பு போட்ட சின்னப் பெட்டி வரும், அதைக் கிளிக் பண்ணுங்க. மவுஸ் கை நடுங்குதுன்னா, கர்சரை உள்ள வச்சுட்டு டேபிளோட லேஅவுட் டேப்ல 'செலக்ட்' பட்டன். அங்க நாலும் பேரோட இருக்கும்.

இங்க எல்லாரும் மாட்டுற இடம் ஒண்ணு. முழு டேபிளை செலக்ட் பண்ணிட்டு டெலிட் தட்டினா உள்ள இருக்கிற எழுத்துதான் அழியும், வெறும் கோடு அப்படியே நிக்கும். டேபிளே போகணும்னா பேக்ஸ்பேஸ். ரெண்டு கீயும் ஒண்ணுதான்னு நினைச்சிருந்தா இன்னைக்கு மாத்திக்குங்க.

இதைவிட பெரிய தப்பு: டேபிள் போட்டும் டெக்ஸ்ட் பாக்ஸ் மாதிரியே யூஸ் பண்றது. ரெண்டே ரோ. மேல தலைப்பு, கீழ ஒரே கட்டத்துக்குள்ள நாற்பத்திரண்டு பேரும் என்டர் தட்டித் தட்டி. பாக்க டேபிள், உள்ள அதே மூணு பெட்டி. நான் பாத்த எத்தனையோ பட்டியல் இப்படித்தான் இருக்கு. ஒரு டேபிள் சரியா இருக்கான்னு பாக்க ஒரே சோதனை: ஒரு ரோவை செலக்ட் பண்ணுங்க. ஒரே ஒரு ஆள் மட்டும், முழுசா நீலமானா சரி. பாதி ஆளோ ரெண்டு ஆளோ வந்தா டேபிள் தப்பு.

அன்னைக்கு ராத்திரி எப்படி சரி பண்ணேன்

நல்ல வேளை, நான் ஒரு பேருக்கு ஒரு என்டர்தான் தட்டியிருந்தேன். வரி மடியுறது வேற, என்டர் வேற. மடியுறது கண்ணுக்குத் தெரியுற தோற்றம். என்டர்தான் உண்மையான எல்லை. கன்ட்ரோல் ஷிஃப்ட் 8 போட்டு மறைஞ்சிருக்கிற குறிகளைத் திறந்தேன். கடை அண்ணன் விட்ட காலி வரி ரெண்டு பெட்டியிலயும் பளிச்சுனு தெரிஞ்சுச்சு. அதை எடுத்தேன்.

அப்புறம் ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள போய் கன்ட்ரோல் ஏ. பெட்டிக்குள்ள போட்டா அந்தப் பெட்டியில இருக்கிறது மட்டும் செலக்ட் ஆகும். காப்பி பண்ணி எக்செல்ல பக்கத்துப் பக்கத்து நிரல்ல பேஸ்ட் பண்ணேன். ஒவ்வொரு என்டருக்கும் ஒரு கட்டமா தானா இறங்கும். அக்கவுன்ட் நம்பர் நிரலை மட்டும் ஒட்டுறதுக்கு முன்னாடியே 'டெக்ஸ்ட்'னு மாத்தி வச்சேன். இல்லைன்னா எக்செல் அதை எண்ணா எடுத்துக்கிட்டு முன்னாடி இருக்கிற பூஜ்ஜியத்தைத் தூக்கிடும், பதினஞ்சு இலக்கத்துக்கு மேல போனா மிச்சத்தைப் பூஜ்ஜியமாக்கிடும். மூணும் பக்கத்துல வந்ததும் மொத்தத்தையும் காப்பி பண்ணி வேர்டுல ஒட்டினேன். டேபிளா வந்துச்சு. ஒரு ஆளுக்கு ஒரு ரோ.

அதுக்கப்புறம்தான் ஃபார்மட்டிங். அஞ்சு விஷயம் பண்ணேன், நீங்களும் எந்தப் பட்டியலுக்கும் பண்ணலாம்.

ஒண்ணு. தலைப்பு ரோவை செலக்ட் பண்ணி 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்'. ரெண்டாவது பக்கத்துலயும் தலைப்பு வரும். ரெண்டாவது பக்கத்துல தலைப்பைக் கையால அடிக்காதீங்க, ஒரு பேர் சேந்தாலே அது நடுவுல போய் உக்காரும்.

ரெண்டு. டேபிள் ப்ராப்பர்ட்டீஸ்ல ரோ பக்கத்துல, 'அலவ் ரோ டு ப்ரேக் அக்ராஸ் பேஜஸ்' டிக்கை எடுத்துடுங்க. ஒரு ஆளோட பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் போகாது.

மூணு. அதே இடத்துல ரோ உயரம் 'எக்ஸாக்ட்லி'ன்னு இருந்தா 'அட் லீஸ்ட்'னு மாத்துங்க. எக்ஸாக்ட்லின்னா பேர் ரெண்டு வரி ஆகும்போது ரெண்டாவது வரி கண்ணுக்குத் தெரியாம வெட்டுப்படும். அட் லீஸ்ட்னா ரோ தானா வளரும். அந்த ஒன்பதாவது பேர் இப்பவும் ரெண்டு வரியா மடியலாம், பரவால்ல. அவரோட படகு நம்பரும் அக்கவுன்ட்டும் அதே ரோவுல அவரோடயே நிக்கும்.

நாலு. படகு பதிவு எண் நடுநடுவுல சின்னக் கோடு போட்ட நீளமான எண். கட்டம் குறுகலா இருந்தா வேர்டு அந்தக் கோட்டுல எண்ணை உடைச்சு ரெண்டு வரியாக்கும். சாதாரணக் கோட்டுக்குப் பதிலா கன்ட்ரோல் ஷிஃப்டோட சேத்து அந்தக் கோட்டு கீயைத் தட்டினா உடையாத கோடு விழும். பிரின்ட்டுக்குப் போற பட்டியல்னா இது நல்லது; அதே ஃபைல்ல இருந்து எண்ணை வேற சாஃப்ட்வேருக்கு காப்பி பண்ணப் போறீங்கன்னா வேண்டாம், அங்க அது வேற எழுத்தாப் படும். அப்ப நிரலை அகலமாக்கிடுங்க.

அஞ்சு. சார்ட். அகர வரிசையில வேணும்னா முழு டேபிளையும் புடிச்சு சார்ட் பண்ணுங்க. பேர் நிரலை மட்டும் செலக்ட் பண்ணி, சார்ட் ஆப்ஷன்ல 'காலம் ஒன்லி'ன்னு டிக் போட்டா, பேர் மட்டும் இடம் மாறும், நம்பர் நின்ன இடத்துலயே நிக்கும். என்னோட மூணு பெட்டித் தப்பை ஒரே கிளிக்ல நாற்பத்திரண்டு பேருக்கும் செய்யலாம்.

தமிழ்ல கூடுதலா ரெண்டு சிக்கல்

எது "ஒண்ணு"ங்கிற கேள்வி எழுத்து மட்டத்துலயும் இருக்கு. "கொ" நமக்கு ஒரே எழுத்து. கம்ப்யூட்டருக்கு உள்ள அது ககரம் தனி, ஒகரக் குறி தனி. அதனாலதான் அம்புக் கீயைத் தட்டினா கர்சர் "கொ"வை முழுசா தாண்டும், ஆனா பேக்ஸ்பேஸ் தட்டினா முதல்ல குறி மட்டும் போய் "க" மிஞ்சும். கோளாறு இல்ல, பயப்படாதீங்க.

இன்னொண்ணு பழைய ஃபான்ட். யூனிகோடு பரவுறதுக்கு முன்னாடி பாமினி, வானவில் மாதிரி ஃபான்ட்கள்ல இங்கிலீஷ் எழுத்து இடத்துலதான் தமிழ் உருவத்தை வரைஞ்சு வச்சிருந்தாங்க. 2010-ல தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமா அறிவிச்சுச்சு. இருந்தாலும் பழைய ஃபைல்கள் இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கு. எனக்கும் ஏழெட்டு பேர் அப்படி ஒரு பழைய ஃபைல்ல இருந்து வந்தாங்க. மொத்தத்தையும் செலக்ட் பண்ணி ஃபான்ட் மாத்தினா அந்தப் பேர் மட்டும் இங்கிலீஷ் குப்பையா மாறும். இதுக்கு வேர்டுல ஒரு அருமையான வழி இருக்கு. அந்தப் பேர்ல ஒண்ணுல கர்சரை வச்சு, ஹோம் டேப்ல 'செலக்ட்' போய், ஒரே மாதிரி ஃபார்மட் இருக்கிற எழுத்தை எல்லாம் செலக்ட் பண்ற ஆப்ஷனை எடுங்க. எது எது பழைய ஃபான்ட்னு ஒரே நேரத்துல நீலமா தெரியும். அதை மட்டும் என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரி ஒண்ணுல போட்டு யூனிகோடா மாத்திட்டு, திரும்ப அதே கட்டத்துல வைங்க.

லிப்ரெஆபிஸ் யூஸ் பண்றவங்களுக்கு: அதுல தமிழுக்குத் தனி ஃபான்ட், தனி சைஸ். ஸ்டைலை மாத்தும்போது இங்கிலீஷ் பக்கம் மட்டும் மாத்திட்டு "தமிழ் மாறலையே"ன்னு திட்டாதீங்க. பக்கத்துலயே 'சி.டி.எல்.'னு ஒரு இடம் இருக்கும், அதையும் மாத்துங்க.

கடைசியா, பிரின்ட் எடுக்க இன்னொரு கடைக்குப் போறீங்கன்னா வேர்டு ஃபைலைக் கொண்டு போகாதீங்க, பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டு போங்க. ஃபான்ட் உள்ளயே போயிடும். அன்னைக்கு நான் இதைச் செஞ்சிருந்தா பிரின்ட் சரியாத்தான் வந்திருக்கும். ஆனா தப்பு ஃபைலுக்குள்ள அப்படியே ஒளிஞ்சிருக்கும், அடுத்து யாரோ ஒரு பேர் சேத்த அன்னைக்கு வெளிய வந்திருக்கும். அந்த வகையில அந்தக் கடை கம்ப்யூட்டருக்கு நான் நன்றிதான் சொல்லணும்.

பார்வையில்லாத ஒருத்தர் ஸ்க்ரீன் ரீடர் வச்சு இந்தப் பட்டியலைக் கேட்டா என்ன ஆகும்னும் யோசிச்சுப் பாருங்க. மூணு பெட்டின்னா முதல்ல நாற்பத்திரண்டு பேர், அப்புறம் நாற்பத்திரண்டு நம்பர். எது யாருக்குன்னு அவருக்குத் தெரியவே போறதில்ல. டேபிள்னா ஒவ்வொரு ரோவா, பேர், படகு, அக்கவுன்ட்னு காதுல விழும். கண்ணை மூடிட்டு யோசிச்சா எது சரியான அமைப்புன்னு சட்டுனு புரியும்.

சித்தப்பாவோட பட்டியல்

மறுநாள் காலையில புது பிரின்ட்டைக் கொண்டு போனேன். சித்தப்பா வாங்கிப் பாத்துட்டு, கோயில் பக்கத்துல ஆளுங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சாரு. "நீ படி"ன்னாரு. நான் ஒவ்வொரு ரோவா படிச்சேன்: பேர், படகு நம்பர், அக்கவுன்ட்டோட கடைசி நாலு இலக்கம். அவங்கவங்க "சரி"ன்னு சொன்னாத்தான் அடுத்தது. ரெண்டு இடத்துல நான் அடிச்சதே தப்பு, அங்கேயே பேனாவால திருத்தினேன். எந்த சாஃப்ட்வேரும் அதைக் கண்டுபிடிச்சிருக்காது.

எனக்கு ஆச்சரியம், சித்தப்பாவுக்கு இல்ல. பழவேற்காடு ஏரியில "பாடு"ன்னு ஒரு பழைய முறை இருக்கு. எந்த இடத்துல, எந்த நாள், யாரு வலை கட்டலாம்னு முறை வச்சுப் பிரிச்சுக்குவாங்க. ஆளு, இடம், நாள் மூணும் சேந்தாத்தான் பாடு. ஒரு வரிசை தப்பினா ஒருத்தனோட ஒரு நாள் சோறு இன்னொருத்தன்கிட்ட போகும். டேபிள்னா என்னன்னு எங்க ஆளுங்களுக்கு வேர்டு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும். நாலு வருஷம் இன்ஜினீயரிங் படிச்ச எனக்குத்தான் அன்னைக்கு மறந்து போச்சு.

சரி மக்களே, இந்த வார வேலை. உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற ஏதாவது ஒரு பட்டியலைத் திறங்க. அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் லிஸ்ட்டோ, கல்யாண மொய் லிஸ்ட்டோ, எதுவா இருந்தாலும் சரி. ஒரு ரோவை செலக்ட் பண்ணுங்க. ஒரு ஆள் முழுசா நீலமா வர்றாரான்னு பாருங்க. வரலைன்னா, யாராவது விரல் வச்சுப் பாக்குறதுக்கு முன்னாடி சரி பண்ணிடுங்க.

அடுத்த எபிசோட்ல மெயில் மெர்ஜ். இதே டேபிளை வச்சு நாற்பத்திரண்டு பேருக்கும் தனித்தனியா லெட்டர் எப்படி எடுக்கிறதுன்னு பாக்கலாம். அது வரைக்கும் கன்ட்ரோல் எஸ் மறக்காதீங்க. வரேன்.